ஆற்றுக்குப் போகும் மாத்திரை: மருந்துக்கு மசியாத பாக்டீரியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அது தெரிந்ததும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் ரயிலில் எதிர் சீட்டுக்காரரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: "இனிமே ஆன்டிபயாட்டிக் எதுவும் வேலை செய்யாதாமே, சார்?" பேச்சு எப்போதும் டாக்டர், நோயாளி, மெடிக்கல் ஷாப் என்ற மூன்று பேரோடு நின்றுவிடும். சாக்கடை வரை யாரும் வருவதில்லை. எனக்குச் சாக்கடையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மருந்தை எதிர்க்கும் திறன் வருவது என் உடம்புக்கா, கிருமிக்கா?

கிருமிக்கு. "எனக்கு அமாக்சிசிலின் பழகிப்போச்சு, இப்ப கேக்க மாட்டேங்குது" என்று பலரும் சொல்வார்கள். உடம்பு அப்படிப் பழகுவதில்லை. உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாதான் மருந்தைத் தாங்கும் வகையாக மாறியிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், உங்கள் உடம்பின் குணம் உங்களோடு நின்றுவிடும். கிருமி உங்களோடு நிற்காது. கழிப்பறை வழியாக வெளியேறும், கைவழியாகப் பேரக்குழந்தையிடம் போகும், ஆற்றில் கலக்கும்.

பாக்டீரியா எப்படி இதைக் கற்றுக்கொள்கிறது?

கற்றுக்கொள்வதில்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது சிலவற்றின் மரபணுவில் எழுத்துப்பிழை மாதிரி ஒரு மாற்றம் நேரும். மருந்து வந்ததும் மற்றவை செத்துப்போக, அந்தப் பிழைக்காரன் மட்டும் பிழைத்துக்கொள்கிறான். காலியான இடம் முழுக்க அவன் வம்சம் நிறைந்துவிடும்.

இது மெதுவான வழி. இன்னொரு வழி வேகமானது. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று சின்ன வட்டமான டி.என்.ஏ. துண்டுகள் உண்டு. பரீட்சையில் பிட்டை நகலெடுத்துப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளிவிடுகிற பையனைப் போல, ஒரு பாக்டீரியா இந்தத் துண்டை நகலெடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே பிளாஸ்மிடில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்தே இருக்கும். ஒரே கைமாற்றலில் அத்தனையும் போய்ச் சேரும்.

மாணவர்களுக்கு இதை ஒரு தட்டில் காட்டுவோம். கஞ்சித் தெளிவின் நிறத்தில் உறைந்திருக்கும் ஊடகத்தின் மேல் பஞ்சுக் குச்சியால் பாக்டீரியாவைப் பூசுவோம். ஸ்டிக்கர் பொட்டு அளவில் மருந்து தோய்ந்த வில்லைகளை அதன்மேல் வைத்து, இரவு முழுக்க 35 டிகிரி சூட்டில் விடுவோம். காலையில் எடுத்தால் தட்டு முழுக்க மெல்லிய ஆடை படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிந்த இடம் தெரியும். ஸ்கேல் வைத்து அந்த வட்டத்தின் குறுக்களவை எழுதிக்கொள்வார்கள். அடங்காத பாக்டீரியா என்றால் வட்டமே இருக்காது. ஆடை வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆறு வில்லையில் ஐந்துக்கு வட்டமே இல்லாத தட்டைக் கையில் வாங்கும் மாணவர் முதலில் சொல்வது, "சார், நான் வில்லையை மாத்தி வச்சிட்டேன்னு நினைக்கிறேன்." மாற்றி வைத்திருக்க மாட்டார்.

நாம் மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு வந்த பிரச்சினைதானே இது?

எதிர்ப்பு மரபணு நமக்கு மிக மிக மூத்தது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் பெனிசிலின், டெட்ராசைக்ளின் வகைகளை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லெச்சுகியா என்ற ஆழமான குகை இருக்கிறது. 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வெளியுலகத் தொடர்பில்லாத அதன் பகுதியிலிருந்து எடுத்த பாக்டீரியாவும் இன்றைய மருந்துகள் பலவற்றை எதிர்த்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆன்டிபயாட்டிக்கில் பாதிக்கு மேல் மண்ணிலிருந்து எடுத்த சரக்கு. காசநோய்க்கு முதல் மருந்தாக வந்த ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்துதான் பிரித்தார்கள். மண்ணில் நஞ்சு தயாரிப்பவனும் இருக்கிறான், அந்த நஞ்சுக்கு முறிவு வைத்திருப்பவனும் இருக்கிறான். காலங்காலமாக நடக்கும் பங்காளிச் சண்டை அது.

நாம் செய்தது வேறு. மண்ணில் மிகச் சிறிய அளவில் இருந்த நஞ்சை டன் கணக்கில் தயாரித்து, தண்ணீரில் கொட்டி, முறிவு வைத்திருந்தவனுக்கு மட்டும் ஊரைக் காலிசெய்து கொடுத்தோம். இன்று மருத்துவமனைகளைப் படுத்தும் சி.டி.எக்ஸ்-எம் என்ற எதிர்ப்பு மரபணுவின் பூர்வீகம் குளுய்வெரா என்ற, நீரிலும் மண்ணிலும் சாக்கடையிலும் சாதுவாகத் திரியும் ஒரு பாக்டீரியா. அங்கிருந்து நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குத் தாவி, உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது.

ஆற்றுக்கு மருந்து எப்படிப் போய்ச் சேர்கிறது?

முதல் வழி நாமே. வாய்வழியாகச் சாப்பிட்ட அமாக்சிசிலினில் பாதிக்கு மேல் மாற்றமில்லாமல் சிறுநீரில் வெளியேறும். சிப்ரோஃப்ளாக்சசினில் 40 முதல் 50 சதவீதம். அப்புறம் மருத்துவமனைக் கழிவுநீர், கோழிப்பண்ணை, மாட்டுப்பண்ணை, இறால் குட்டை, காலாவதியான மருந்தைக் கொட்டுவது. கடைசியாக மருந்துத் தொழிற்சாலை.

மருந்து மட்டும் போவதில்லை. நம் குடலில் ஏற்கனவே மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியாவும் அதே குழாயில்தான் போகிறது. சாக்கடையில் மருந்தும், அதைத் தாங்கும் பாக்டீரியாவும், தாங்கத் தெரியாத ஆயிரம் வகை பாக்டீரியாவும் வெதுவெதுப்பான நீரில் ஒன்றாகக் கிடக்கின்றன. பிட் கைமாறுவதற்கு இதைவிடத் தோதான பரீட்சை ஹால் கிடைக்காது.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி தங்குவதில்லை. பெனிசிலின் வகைகள் தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம் அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும்.

தொழிற்சாலைக் கழிவு அவ்வளவு மோசமா? மிகைப்படுத்துகிறார்களோ?

ஹைதராபாத்துக்கு வெளியே, மும்பை நெடுஞ்சாலையில் படான்செரு என்ற ஊர். அதைச் சுற்றி, மாத்திரைக்கான மூலமருந்தை மொத்தமாகத் தயாரிக்கும் ஆலைகள் ஏராளம். சுமார் 90 ஆலைகளின் கழிவுநீர் அங்கிருந்த ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு டேங்கர் லாரிகளில் வந்து இறங்கும். சுத்திகரித்து வெளியே விட்ட நீரை ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் எடுத்து அளந்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது.

ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்.

இந்த எண்ணைப் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். சாதாரணமாக ஆற்றில் மருந்தை மைக்ரோகிராமிலும் அதற்குக் கீழேயும்தான் அளப்பார்கள். வீட்டுக் கணக்கில் பார்ப்போம். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும். அந்த நீரை ஒரு குடம் மொண்டால், அதில் ஏறக்குறைய ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை கரைந்திருக்கிறது. மருந்து சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அந்தக் கழிவுநீரில் அதிகம். ஒரு நாளில் அந்த நிலையத்திலிருந்து வெளியேறிய சிப்ரோஃப்ளாக்சசின் சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். 90,000 மாத்திரை! அப்போது 90 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடன் நாடு 5 நாளில் சாப்பிட்ட அளவு அது.

இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் எவ்வளவு குறைவாக இருந்தால் எதிர்ப்புள்ள பாக்டீரியாவுக்குச் சாதகம் ஆகாது என்று 2016-இல் அதே லார்சனும் யோகான் பெங்ட்சன்-பால்மேயும் கணக்கிட்டார்கள். லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். படான்செருவில் இருந்தது அதைப்போல ஏறக்குறைய 5 லட்சம் மடங்கு.

அந்த நீர் இசகவாகு ஓடை, நக்கவாகு ஓடை வழியாக மஞ்சீரா ஆற்றுக்குப் போய், மஞ்சீரா கோதாவரியில் கலக்கிறது. 2009-இல் வந்த அடுத்த ஆய்வில் அக்கம்பக்கத்து ஏரிகளிலும் கிராமத்துக் கிணறுகளிலும்கூட மருந்து இருந்தது தெரிந்தது. ஓடையின் அடிச்சேற்றில் பல வகை எதிர்ப்பு மரபணுக்களும் அவற்றைக் கைமாற்றும் துண்டுகளும் குவிந்திருந்தன. பிறகு 18 கிலோமீட்டர் குழாய் போட்டு, அந்தக் கழிவுநீரை ஹைதராபாத் நகரின் ஆம்பர்பேட்டை கழிவுநீர் நிலையத்துக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து வெளியேறும் நீர் மூசி ஆற்றுக்கு. மூசி போய்ச் சேருவது கிருஷ்ணாவில். ஒரு தெருக் குப்பையை அடுத்த தெருவுக்குத் தள்ளுவது நம் வீட்டு வாசல்களில் மட்டும் நடக்கிற காரியமில்லை.

ஆலைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் சரியில்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மலிவான மாத்திரை கேட்டன, நாமும் கேட்டோம். அந்த மலிவில் கழிவைச் சுத்தம் செய்யும் செலவு சேரவில்லை, அவ்வளவுதான்.

அது தெலுங்கானா விவகாரம். தமிழ்நாட்டில் இருக்கிற எனக்கென்ன?

என்.டி.எம்-1 கதையைச் சொல்கிறேன்.

டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரின் சிறுநீரில் 2008-இல் ஒரு பாக்டீரியா கிடைத்தது. கடைசிக் கைவசமாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே அது உடைத்துப் போட்டது. உடைத்த நொதிக்கும் அதன் மரபணுவுக்கும் 'நியூ டெல்லி' என்ற பெயரைச் சேர்த்து, சுருக்கமாக என்.டி.எம்-1 என்று வைத்தார்கள். 2010-இல் லான்செட் மருத்துவ இதழ்க் குடும்பத்தில் வந்த பெரிய ஆய்வில் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று என்.டி.எம்-1 உள்ள பாக்டீரியாக்களைப் பட்டியலிட்டார்கள். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். ஆகவே இது ஆரம்பத்திலிருந்தே நம் ஊர் விவகாரமும்தான்.

அன்று நாட்டில் நடந்த சண்டை முழுக்கப் பெயரைப் பற்றி. நம் தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைக்கலாமா, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதியா என்று பேசித் தீர்த்தோம். பெயர் வைத்தது நல்ல மரியாதை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் மரபணு சென்னையில் இருந்ததா இல்லையா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

மறு ஆண்டு வந்த ஆய்வு இன்னும் கசப்பானது. டெல்லித் தெருக்களில் தேங்கிக் கிடந்த நீரில் 171 மாதிரிகள், குழாய்க் குடிநீரில் 50 மாதிரிகள். தேங்கிய நீரில் 51-இலும் குழாய் நீரில் 2-இலும் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. காலரா பாக்டீரியாவுக்குள்ளும் சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்குள்ளும்கூட அது புகுந்திருந்தது. இந்த மரபணு கைமாறுவது 25 டிகிரியையும் 37 டிகிரியையும்விட 30 டிகிரியில் அதிகம் என்பதும் தெரிந்தது. நம் ஊர் சாக்கடை ஆண்டில் பல மாதம் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

இத்தோடு நிற்கவில்லை. வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவு மண்ணில் இதே மரபணு இருப்பதாக 2019-இல் ஒரு ஆய்வு சொன்னது. டெல்லிப் பெயர் கொண்ட ஒன்று பனிக்கரடி நாட்டுக்கே போகும்போது ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் நடுவில் என்ன எல்லை?

நான் ஆன்டிபயாட்டிக்கே சாப்பிடுவதில்லை. எனக்கு வராதல்லவா?

வரலாம். நெதர்லாந்தில் வெளிநாட்டுப் பயணம் போனவர்களின் மலத்தைப் போகும் முன்பும் வந்த பின்பும் சோதித்த ஒரு ஆய்வு 2017-இல் வெளியானது. போகும்போது எதிர்ப்புள்ள குடல் பாக்டீரியா இல்லாதவர்கள் 1,847 பேர். திரும்பும்போது 34 சதவீதம் பேர் அதைச் சுமந்து வந்தார்கள். தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் 75 சதவீதம். வந்தவர்களில் பெரும்பாலானோர் இங்கே ஆன்டிபயாட்டிக் எதுவும் சாப்பிடவில்லை. சோறும் தண்ணீரும் மட்டும் சாப்பிட்டார்கள்.

சில வாரம் வந்துபோனவருக்கே இப்படி என்றால் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் குடல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பயப்படவும் வேண்டாம். குடலில் அது சும்மா குடியிருக்கும் வரை தொந்தரவில்லை. பெரும்பாலும் வேறு பாக்டீரியா வந்து அதை ஓரங்கட்டிவிடும். சிறுநீர்ப்பாதைக்கோ ரத்தத்துக்கோ அது இடம் மாறும் நாளில்தான் டாக்டருக்கு மருந்து கிடைக்காமல் போகும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா? 'சூப்பர் பக்' காய்ச்சினாலும் சாகாது என்கிறார்களே?

செத்துவிடும். அதன் எதிர்ப்பு மருந்துக்கு எதிரானது, கொதிநீருக்கு எதிரானது இல்லை. சிப்ரோஃப்ளாக்சசினை உதறித்தள்ளும் ஈ.கோலையும் சாதாரண ஈ.கோலையும் ஒரே கொதியில் சாகும். குளோரினுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, கை படாமல் மொண்டு குடியுங்கள். காய்ச்சிய நீரைப் பானையில் ஊற்றிவிட்டுக் கையோடு சொம்பை முக்கி எடுத்தால் காய்ச்சிய கேஸ் வீண்.

ஆர்.ஓ. போட்டிருக்கிறோம், சரியா?

ஒழுங்காகப் பராமரித்தால் பாக்டீரியாவை நிறுத்தும். வருடக்கணக்கில் மெம்பிரேன் மாற்றாமல், தொட்டி கழுவாமல் ஓடுகிற ஆர்.ஓ.வைவிட அடுப்பு நம்பகமானது.

ஊரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அது இதையெல்லாம் எடுத்துவிடாதா?

முதலில், எத்தனை ஊரில் இருக்கிறது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023.6 கோடி லிட்டர். நூறில் 28 பங்கு. மிச்சம் அப்படியே ஏரி, ஆறு, கடல்.

சுத்திகரிப்பு நிலையமும் இதற்காகக் கட்டப்பட்டது இல்லை. நாற்றத்தையும் அழுக்கையும் குறைப்பது அதன் வேலை. பாக்டீரியா எண்ணிக்கை பெருமளவு குறையும். நூறில் 99 போனால்கூட, லிட்டரில் கோடிக்கணக்கில் இருந்தது லட்சக்கணக்கில் மிஞ்சும். கசடில் மருந்து தங்கும். அந்தக் கசடை உரம் என்று வயலில் போடுவதும் உண்டு. கடைசிக் கட்டமாக குளோரின், புற ஊதா ஒளி, ஓசோன் என்று ஏதாவது ஒன்று சரியாக இயங்கினால் நிலைமை நிறைய மாறும். இயங்குகிறதா என்பதைக் கரண்ட் பில்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இருந்தாலும், குறையுள்ள நிலையம் ஒன்றுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல். 2018-இல் பீட்டர் காலிக்னன் தலைமையில் பல நாடுகளை ஒப்பிட்ட ஒரு ஆய்வு வந்தது. எதிர்ப்பு எங்கே அதிகம் என்பதற்கு, அந்த நாட்டு மக்கள் எவ்வளவு ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறார்கள் என்பதைவிட, அங்கே கழிப்பறை, நல்ல தண்ணீர் முதலிய அடிப்படை வசதிகளும் ஆட்சிமுறையும் எப்படி என்பதே அதிகம் ஒத்துப்போனது. நான் கல்யாணப் பந்தியில் சாக்கடையைப் பற்றிப் பேசி எல்லோர் சாப்பாட்டையும் கெடுப்பதற்கு இதுதான் காரணம். "மாத்திரையை நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள்" என்று மக்களைத் திட்டும் போஸ்டர் ஒட்டுவது சுலபம். பாதாளச் சாக்கடை போடுவது கஷ்டம். கஷ்டமானதுதான் இங்கே மருந்து.

கோழி, முட்டை சாப்பிடலாமா?

நன்றாக வேக வைத்தால் தாராளமாக. பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். அடுப்பு கொல்வதை அரிவாள்மணை திரும்பக் கொண்டுவரும்.

பண்ணைப் பக்கம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கொலிஸ்டின் என்ற மருந்து ஐ.சி.யு.வில் வேறு எதுவும் கேட்காதபோது போடுவது. அதே மருந்தைக் கோழிக்குத் தீவனத்தில் கலந்து எடை கூட்டப் பயன்படுத்தினார்கள். 2015-இல் சீனாவில் பன்றிகளிடம் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு கிடைத்தது. பிளாஸ்மிடில் ஏறி ஊர்சுற்றும் கொலிஸ்டின் எதிர்ப்பு அது. சீனா 2017-இல் தீவனத்தில் கொலிஸ்டினை நிறுத்தியது. 2 ஆண்டுகளுக்குள் பன்றி, கோழி, ஆரோக்கியமான மனிதர்கள் என எல்லாரிடமும் அந்த மரபணுவுள்ள பாக்டீரியா வெகுவாகக் குறைந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான பிராணிகளுக்குக் கொலிஸ்டினைத் தடைசெய்தது. நிறுத்தினால் குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

கோழி எருவைப் பச்சையாக வயலில் கொட்டாமல் நன்கு மக்கவைத்துப் போட்டால் எதிர்ப்புள்ள பாக்டீரியாவில் பெரும்பகுதி அந்தச் சூட்டிலேயே போய்விடும்.

ஆற்றில் குளித்தால் ஒட்டிக்கொள்ளுமா?

கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே குளித்து, வாயில் நீர் போனால் வாய்ப்பு உண்டு. திறந்த புண்ணோடு இறங்க வேண்டாம். காவிரியில் ஒரு முழுக்குப் போட்டதற்காக இரவு முழுக்கத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

பாக்டீரியாவைக் கொல்லும் சோப்பு வாங்கலாமா?

வேண்டாம். சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். அப்படிப்பட்ட சோப்புகளில் இருந்த டிரைக்ளோசானை அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 2016-இல் கைகழுவும் சோப்பிலிருந்து விலக்கியது. சாதாரண சோப்பைவிட அது மேல் என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை.

தொழிற்சாலை எவ்வளவு மருந்தை வெளியே விடலாம் என்று சட்டம் இல்லையா?

வந்திருக்க வேண்டியது, வரவில்லை. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதியில் 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, கழிவுநீரில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று வரம்பு இருந்தது. உலகத்திலேயே முதல் நாடாக இருந்திருப்போம். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்தப் பட்டியல் அதில் இல்லை. ஒவ்வொரு தடவை இதைச் சொல்லும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் ஆலைக் கழிவுகளுக்கென்று முதல்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுக்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

இல்லை. 2014 மார்ச் முதல் அமலில் உள்ள, மருந்து விதிகளின் எச்-1 அட்டவணைப்படி அதில் உள்ள ஆன்டிபயாட்டிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். சீட்டு இல்லாமல் இதைச் சாப்பிடாதே என்பதுதான் அதன் பொருள்; 2016-இல் அரசு அதற்கென்றே பிரசாரம் செய்தது.

நடப்பது என்ன? "அண்ணே, தொண்டை கரகரங்குது, நல்லதா ஒண்ணு குடுங்க." கடைக்காரர் கத்திரிக்கோலை எடுத்து அசித்ரோமைசின் அட்டையிலிருந்து 2 மாத்திரையை நறுக்கி, பழுப்புக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. 2 நாளில் தானாகச் சரியாகும், புகழ் மாத்திரைக்குப் போகும். அடுத்த தடவையும் அதே கடை, அதே கத்திரிக்கோல். கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை: டாக்டர் ஃபீஸ் 300 ரூபாய், ஒரு நாள் கூலி போகும், மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்கு.

கோர்ஸை முழுக்க முடிக்க வேண்டுமா? மிஞ்சிய மாத்திரையை என்ன செய்வது?

டாக்டர் எழுதிய நாள் வரை சாப்பிடுங்கள். பல நோய்களுக்கு முன்பு நினைத்ததைவிடக் குறைந்த நாளே போதும் என்று இப்போது தெரியவந்திருக்கிறது. எத்தனை நாள் என்பதை டாக்டர் குறைக்கலாம். காய்ச்சல் விட்டதும் நாமாகக் குறைப்பது வேறு விஷயம், குறிப்பாகக் காசநோய்க்கு அது ஆபத்து.

மிஞ்சியதைக் கழிப்பறையில் போட்டு ஃப்ளஷ் செய்யாதீர்கள். மேலே சொன்ன பயணத்துக்கு நேர் டிக்கெட் அது. அடுத்த காய்ச்சலுக்கு என்று டப்பாவில் சேர்க்கவும் வேண்டாம். மீந்த மருந்தை வீடுகளிலிருந்து திரும்பப் பெறும் திட்டத்தைக் கேரளம் 2025-இல் தொடங்கியது. நம் ஊரில் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வாங்கவில்லை என்றால் வேறு குப்பையோடு கலந்து கட்டிக் கொடுப்பதே குறைந்த கெடுதல்.

இதனால் உண்மையில் எத்தனை பேர் சாகிறார்கள்?

உலகம் முழுவதும் 2019-இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று பெரிய மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அந்த பாக்டீரியாவுக்கும் ஒரு பங்கு இருந்த இறப்புகளையும் சேர்த்தால் 49.5 லட்சம். இறப்புச் சான்றிதழில் 'செப்சிஸ்' என்றோ 'நிமோனியா' என்றோ எழுதியிருக்கும். எந்த மருந்து கேட்கவில்லை என்று எழுத அதில் இடமில்லை.

நான் ஒரு தனி மனிதன். சாக்கடையை என்ன செய்ய முடியும்?

உங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் என்றால் ஒரு காரியம் செய்யலாம். லாரிக்காரர் வந்து குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டு போகிறார், நாம் காசு கொடுத்துவிட்டு மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். அந்த லாரி எங்கே போய்க் காலியாகிறது என்று எப்போதாவது கேட்டதுண்டா? நான் கேட்டேன். "அதெல்லாம் ஊருக்கு வெளிய பாத்துக்குவோம் சார்" என்றார். ஊருக்கு வெளியே என்றால் பெரும்பாலும் ஓடைக்கரை.

செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில், தமிழ்நாட்டிலேயே முதலாவதாக, லாரியில் வரும் மலக்கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் 2017-இல் வந்தது. அப்புறம் பல ஊர்களில் கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை லாரியைக் கூப்பிடும்போது, அங்கே இறக்கியதற்கான ரசீதைக் காட்டினால்தான் பாக்கிப் பணம் என்று சொல்லுங்கள். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னபோது முதல் லாரிக்காரர் கிளம்பிப் போய்விட்டார். இரண்டாவது ஆள் 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டார், ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார்.